இருநூற்றுப் பதினான்கும் நலம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு டோக்கன் அக்கா பெட்டிகளுக்குக் காய்ச்சல் பார்ப்பார். ஆறு அட்டைப்பெட்டிகள். உள்ளறையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் போட்ட பலகையின் மேல், சுவரைத் தொடாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் அக்காவின் கைதான் சரி, வெப்பமானிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. உள்ளே செருப்பு, குடை, சாப்பாட்டுத் தட்டு, ஈரத்துணி எதற்கும் அனுமதி கிடையாது. ஒரு மழைநாளில் நான் தலையைக்கூடத் துவட்டாமல் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டேன். "ஈரத்தோட வராதீங்க சார். உங்களுக்குச் சளி புடிச்சா மாத்திரை இருக்கு. அதுகளுக்கு என்ன இருக்கு?" என்றார். 'அதுகள்' என்று அவர் சொன்னது பெட்டிக்குள் இருந்த விளையாட்டுச் சாமான்களை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

நான் மாடி வீட்டுக்காரன். பத்திரிகைக்கு எழுதுகிறவன், அதாவது, அடுத்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்கு ஒரு சாக்கு வைத்திருப்பவன். பதின்மூன்று வருடமாக அக்காவின் தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறேன். அதிலும் அவருக்குப் புகார் உண்டு. "தடதடன்னு நடக்காதீங்க சார், பெட்டி அதிருது." நான் என் வீட்டில் பூனை மாதிரி நடக்கப் பழகியது இப்படித்தான்.

அக்காவுக்கு வேலை தெருமுனையில் உள்ள டிரை கிளீனிங் கடையில். முன் மேசை அவருடையது. துணி வந்தால் விரித்துப் பார்த்து, பையைத் துழாவி, பித்தானை எண்ணி, எண் போட்ட சின்னத் துணித்துண்டை ஊக்கால் குத்தி, அதே எண்ணை உங்கள் கையில் கொடுப்பார். அதனால்தான் டோக்கன் அக்கா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அக்கா அளந்து, எண் போட்டு, அதற்கும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போடுவார். மனிதர்களைப் பெயர் சொல்லி அவருக்கு ஞாபகம் இருக்காது. "முந்நூத்திப் பன்னெண்டு வந்தாரா?" என்பார். முந்நூற்றுப் பன்னிரண்டு எங்கள் தெருப் பல் டாக்டர்.

இன்னொரு விஷயத்துக்கும் அவர் பெயர்பெற்றவர். கறை போகுமா போகாதா என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். முதலாளி பின்னால் நின்றுகொண்டு 'முயற்சி பண்றோம்னு சொல்லேன்' என்று கண்ணால் கெஞ்சுவார். அக்கா துணியை வெளிச்சத்தில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "போகாது. பொய் சொல்லி வாங்கி வெச்சுக்கட்டுமா?" என்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த வாரம் வேறு துணியோடு வருவார்கள். பொய் சொல்லாத கடை ஊருக்கு ஒன்றாவது வேண்டியிருக்கிறது.

வெளிநாடு போகிறவர்கள் கோட்டையும் கம்பளியையும் வருடக்கணக்கில் அந்தக் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை மூடி வைப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, உள்ளே துணிப்பொட்டலத்தில் பாச்சை உருண்டை, வாயை மடித்துக் காற்றுப் புகாமல் ஒட்டு நாடா. ஒருவர் ஒன்பது வருடம் கழித்து வந்து கோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பித்தான் போடவே முடியவில்லை. "கோட்டு அப்படியேதான் இருக்கு சார். நீங்கதான் ரெண்டு ஆளா ஆயிட்டீங்க" என்றார் அக்கா.

பெட்டியில் இருந்தவை அவருடையவை அல்ல. தம்பியுடையவை.

தம்பி லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஓடுகிற எதைப் பார்த்தாலும் அவனுக்கு ஆசை. பஸ், தீயணைப்பு வண்டி, கிரேன், பால் வண்டி, சாவி கொடுத்தால் ஓடும் தகர மோட்டார் சைக்கிள் என்று விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை சேர்த்து வைத்திருந்தான். முக்கால்வாசி பிளாஸ்டிக், மீதி தகரம். கல்யாணம் பேசப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன பழக்கம்?" என்று கேட்டார்களாம். "வண்டி ஓட்டுவான். ஆனா உக்காந்து ஓட்டுற வண்டி இல்ல" என்று அம்மா சொல்லப்போக, அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

முப்பத்து மூன்றாவது வயதில் அவன் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். லிப்ட் ஓடும் குழிக்குள்ளிருந்து குரல் வருகிறது என்று ஒரு கட்டடத்தில் மேலும் கீழுமாக ஒரு பகல் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தான். பிறகு ஒருநாள் வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. பத்தொன்பது நாள் கழித்து, எங்கேயோ ஒரு பாலத்தடியில், இரண்டு காலிலும் புண்ணோடு கிடைத்தான். அதற்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே, பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் காப்பகம்.

காப்பகத்தில் கெட்டியான பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போவதற்கு முந்தின நாள் அக்காவும் தம்பியும் சேர்ந்து எல்லாவற்றையும் கட்டினார்கள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அக்கா எண் குத்திய துணித்துண்டைக் கட்டி, உறை போட்டு, அடுக்கினார். தன் தொழிலில் எது உசத்தியோ அதையெல்லாம் செய்தார். பெட்டிக்கு ஒரு கைப்பிடி பாச்சை உருண்டை. ஆறு பெட்டிக்கும் இரட்டை ஒட்டு நாடா. கடைசியில் அவன், "நான் வந்து தொறக்கறேன். அதுவரைக்கும் நீ தொறக்காத. வெளிச்சம் பட்டா கலர் போயிடும்" என்றான். அக்கா சரி என்றார். அக்கா சரி என்றால் சரிதான். பதினோரு வருடம் ஒரு பெட்டியின் நாடாவில்கூட நகம் படவில்லை.

மாதத்தின் முதல் புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று அக்கா காப்பகத்துக்குப் போவார். நானும் இரண்டு மூன்று தடவை கூடப் போயிருக்கிறேன். தோட்டத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் இருவரும் உட்காருவார்கள். முதலில் தம்பியின் சந்தேகங்கள்.

"அக்கா, அந்தத் தண்ணித் தொட்டிக்கிட்ட ஒருத்தர் நிக்கிறாரா?"

அக்கா உடம்போடு திரும்பி, நன்றாகப் பார்ப்பார். "இல்லடா. யாரும் இல்ல."

"சரி."

அவ்வளவுதான். அந்த 'சரி'யில் அவன் தோள் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அங்குள்ள டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி அது. பார்ப்பதும் கேட்பதும் உண்மைதானா என்று சந்தேகம் வந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி யார் யாரைக் கேட்பாய் என்று பட்டியல் எழுதச் சொன்னாராம். அவன் ஒரு தாளில் 'அக்கா' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

சந்தேகம் தீர்ந்தபின் எண்கள் வரும்.

"நாப்பத்தேழு?"

"நல்லா இருக்கு."

"நூத்திப் பத்து? அதுல கதவு கொஞ்சம் லூசா இருந்துச்சே."

"அப்படியேதான் இருக்கு. நல்லா இருக்கு."

ஒரு வருகைக்கு நாலைந்து எண்கள்தான் கேட்பான். "எல்லாத்தையும் இன்னிக்கே கேட்டுட்டா அடுத்த மாசம் என்னத்தப் பேசறது சார்?" என்று என்னிடம் சொன்னான். வியாதி இருக்கிறவனுக்கு விவரம் இருக்காது என்று நினைக்கிறவர்களை அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

நடுவில் அம்மா போய்ச் சேர்ந்தார். அது ஆறு வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு கீழ்வீட்டில் அக்கா மட்டும். பெட்டிகளும்.

போன மாதம் காப்பகத்து டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். புது மருந்து ஒத்துக்கொண்டிருக்கிறது, ஒரு வருடமாக அவன் அமைதியாக இருக்கிறான், நாலு நாள் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம், அது நல்லபடியாகப் போனால் பிறகு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார். அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் கதவைத் தட்டினார். அவர் மூச்சு வாங்கியது படி ஏறியதால் மட்டும் இல்லை. புதுத் தலையணை வந்தது, புது வாளி வந்தது, கட்டில் உள்ளறைக்கு மாறியது. மூன்று நாள் ஒரே ஓட்டம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. "பதினோரு வருஷமா மூடியே கெடக்கு. அவர் வந்து ஆசையாத் தொறக்கும்போது உள்ள பூஞ்சை கீஞ்சை புடிச்சிருந்தா? ஒரு தடவை பார்த்துத் தொடச்சு வெச்சிடலாமே அக்கா" என்றேன்.

"தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான் சார்."

ஆனால் என் பேச்சு உள்ளே போய் வேலை செய்திருக்கிறது. அவன் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது மேலே வந்து, "ஒரு கை புடிங்க சார், இறக்கிடலாம்" என்றார்.

முதல் பெட்டியின் நாடாவைக் கிழித்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்காவுக்குப் பழகிய வாசம், அவர் சிரித்தார். "பார்த்தீங்களா, இன்னும் எவ்வளவு காரமா இருக்கு. ஒரு பூச்சி கிட்ட வந்திருக்காது." மேலே இருந்ததை எடுத்தார். அது வரும்போது பக்கத்தில் இருந்ததும் கூடவே வந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. உறை உறையாக இல்லை. வண்டியின் மேல் தோல் மாதிரி படிந்து, உரித்தால் நிறத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. நாற்பத்தேழு ஒரு மஞ்சள் பஸ். அதன் கூரை நடுவில் இறங்கிப்போய், ஜன்னல்கள் எரிந்த மெழுகுவர்த்தி மாதிரி வழிந்திருந்தன. ரப்பர் சக்கரங்கள் கீழே இருந்த பால் வண்டியின் முதுகில் புதைந்திருந்தன. பேட்டரி போட்ட வண்டிகள் வயிற்றிலிருந்து பச்சையாகக் கக்கி வைத்திருந்தன.

மற்ற ஐந்தையும் திறந்தோம். தகரத்தில் முப்பது நாற்பது தப்பியிருந்தன, துருவோடு. பிளாஸ்டிக்கில் ஒன்றுகூட இல்லை.

அக்கா அழவில்லை. மஞ்சள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வெளி அறைக்கு வந்து, வெளிச்சத்தில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "போகாது" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வேதியியல் வாத்தியாருக்குப் போன் போட்டேன். அவர் புட்டுப் புட்டு வைத்தார். கம்பளிக்குக் காவலாக இருக்கும் பாச்சை உருண்டை பிளாஸ்டிக்குக் காலன். அதன் ஆவி கெட்டிப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மெல்லிய உறையிலிருந்து எண்ணெய் கசியும், ரப்பர் பிளாஸ்டிக்கைத் தொட்டாலே அரிக்கும், காற்றுப் புகாமல் மூடினால் எல்லா நஞ்சும் உள்ளேயே சுற்றும். வெள்ளைத்தாளில் தளர்வாகச் சுற்றி, பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் காற்றோட்டத்தோடு வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அவரே கேட்டார். "நடுவுல ஒரு தடவை தொறந்து பார்த்திருந்தா தப்பிச்சிருக்குமா சார்?"

"தெரியலக்கா" என்றேன்.

தனக்குத் தெரிந்ததிலேயே ஆகச் சிறந்ததைச் செய்ததால்தான் அவை அழிந்தன. அவர் ஒன்றும் செய்யாமல் ஒரு மூட்டையில் கட்டிப் பரணில் எறிந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பாசமும் பாச்சை உருண்டையும் அளவோடு இருக்க வேண்டும் என்று எழுதுவதற்கு ஒரு வரி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் நான் யோசனைகளாக அடுக்கினேன். பெட்டிகளைத் திரும்ப ஒட்டிவிடலாம், உடம்பு தேறட்டும், அப்புறம் திறக்கலாம் என்று தள்ளிப்போடலாம். இல்லாவிட்டால் என் மேலேயே பழியைப் போடுங்கள், மேல்வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லுங்கள், நான் வந்து காலில் விழுகிறேன் என்றேன்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அவனுக்கு நான் சொல்றதுதான் சார் நிஜம். தொட்டிக்கிட்ட ஆள் இருக்கா இல்லையான்னு அவன் கண்ண அவனே நம்ப மாட்டான், என் வாயத்தான் நம்புவான். இதுலயும் பொய் சொன்னா அவன் எதப் புடிச்சிக்கிட்டு நிப்பான்?" பிறகு, "இதுலயும் என்ன, இதுலதான் சொல்லிட்டேனே. பதினோரு வருஷமா பார்க்காமலே நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை காப்பகத்து வேன் வந்தது. தம்பி ஒரு சின்னப் பையோடு இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "மேல்வீட்டு சாரா? நிஜமாவே நிக்கறீங்களா, இல்ல அக்காகிட்ட கேட்டுக்கட்டுமா?" என்று சிரித்தான். அக்கா பின்னாலிருந்து, "நிக்கறாருடா, நிக்கறாரு" என்றார். மூன்று பேரும் டீ குடித்தோம். குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவன் உள்ளறைக்குப் போனான்.

அக்கா எதையும் மறைத்து வைக்கவில்லை. தரையில் வெள்ளை விரிப்பைப் போட்டு, ஒன்றிலிருந்து இருநூற்றுப் பதினான்கு வரை எண் வரிசையில் பரப்பி வைத்திருந்தார். ஒட்டிக்கொண்டவை ஒட்டிக்கொண்டபடியே, இரண்டு மூன்று துணித்துண்டுகள் தொங்க.

அவன் வரிசையின் ஓரமாக நடந்து கடைசி வரை போனான். திரும்பி வந்து நாற்பத்தேழை எடுத்தான்.

"நான் தொறக்கவே இல்லடா" என்றார் அக்கா. "மூணு நாள் முன்னாடிதான் தொறந்தேன். மாசா மாசம் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னேனே, அது பார்க்காமச் சொன்னது."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கத்துவான், எதையாவது உடைப்பான் என்று பயந்தேன். அவன் பஸ்ஸை அதன் இடத்தில் திரும்ப வைத்து, நேராக்கினான்.

"நீ பார்த்துட்டுச் சொல்றேன்னு நெனச்சேன்."

"தொறக்காதன்னு நீ சொன்னியேடா."

"சொன்னேன். ஆனா நீ தொறந்து பார்ப்பேன்னு நெனச்சேன்." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். "அப்ப, தொட்டிக்கிட்ட ஆள் இல்லன்னு சொன்னது?"

"அது பார்த்துட்டுத்தாண்டா சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நல்லாத் திரும்பிப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

"சரி" என்றான். ஆனால் இந்தத் தடவை அவன் தோள் இறங்கவில்லை.

பிறகு கேட்டான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க, ஒண்ணும் கஷ்டப்படலன்னு சொன்னியே. அது நிஜமா?"

அந்த அம்மாள் பதினேழு நாள் கிடந்தார். என் வீட்டுத் தரைக்குக் கீழே, இரவும் பகலும் மகனைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தார். ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து காட்ட முடியுமா என்று அக்கா காப்பகத்துக்கு ஆறு முறை போன் செய்ததும், அவன் வெளியே வரும் நிலையில் இல்லை என்று அவர்கள் சொன்னதும் எனக்குத் தெரியும். இந்த ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் மன்றாடினேன். இதை யாரும் திறந்து பார்க்க முடியாது, ஒரு பொய், ஒரே ஒரு பொய்.

அக்கா வாயைத் திறந்தார். தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வாயை மூடிக்கொண்டு, அவன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், இல்லை என்று தலையசைத்தார்.